வாயை அளந்தேன்... வயிற்றை அளக்கவில்லை!



மலருக்குக் கட்டுரை எழுதித் தா என்று நம் யூனியன் செயலாளரிடம் தாளை வாங்கும்போதே அவர் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். "காதல் கவிதை ஏகப்பட்டது வந்துடுச்சு. நாட்டு நடப்பு பத்தியும் வந்துடுச்சு. நீ மெக்கானிக்கல்தானே, மெக்கானிக்கலா ஏதாவது எழுதேன்டா" என்றார். சரி, எழுதுகிறேன். கவிதையை எதிர்பார்த்து இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்கள் மன்னிக்கவும். இது ஒரு ஐந்து குதிரைசக்தி டீசல் என்ஜினின் கதை. அதில் முட்டாளாக வருபவன் நானேதான்.

மரக்காணம் உப்பளத்தைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி பஸ்ஸில் போகும்போது ரெண்டு பக்கமும் கண்ணாடித் துண்டு பதித்த மாதிரி மின்னும். வெள்ளைக் குவியலைப் பார்த்து "ஆஹா, என்ன அழகு" என்பார்கள். அந்த அழகுக்குப் பின்னால் கரையோரம் ஒரு கீற்றுக் கொட்டகையில் டொக்... டொக்... என்று ஓடும் பம்ப்செட் யார் கண்ணிலும் படாது. அது நின்றால் அந்த வெள்ளையும் நின்றுவிடும்.

எப்படி என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நம் சிவில் நண்பர்களுக்காக. கடல் தண்ணீர் சுமார் 3 முதல் 3.5 டிகிரி போமே அடர்த்தி. அதைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி, வெயிலில் சுண்டவைத்து, 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால் உப்பு கட்ட ஆரம்பிக்கும். 29, 30-ஐத் தாண்ட விட்டால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்துகொண்டு சரக்கு கசக்கும், எப்பவும் ஈரம் கசியும், விலை போகாது. ஆகவே கீழே சுண்டச் சுண்ட மேலே புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கவேண்டும். மே மாத வெயிலில் பம்ப் நாலு நாள் நின்றால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வருஷத்தில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் கிடைக்கும் அந்தச் சில மாதம்தான் சம்பாத்தியம். அக்டோபர் பிறந்தால் பாத்தி எல்லாம் குளம்.

என் மாமா அங்கே கொஞ்சம் நிலம் வைத்து உப்பு எடுக்கிறார். அவருடைய என்ஜின் நாம் லேபில் பார்க்கும் அதே ஜாதிதான். ஒற்றை சிலிண்டர், தண்ணீரில் குளிரும் வகை, 80 மி.மீ. போர், 110 மி.மீ. ஸ்ட்ரோக், 1500 சுற்று.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கத்தில் கரை கடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். மரக்காணம் உப்பளம் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. மாமாவின் கொட்டகைக் கூரை பறந்துவிட்டது. என்ஜினுக்கு ஃபிளைவீல் பாதி வரை தண்ணீர். வடிந்தபின் ஆயிலை மாற்றி, நாசிலைக் கழற்றித் துடைத்து மாட்டி, 2025 பிப்ரவரியில் கைப்பிடி போட்டுச் சுற்றினார்கள். ஸ்டார்ட் ஆகிவிட்டது! "பாத்தியா, கல்லு மாதிரி என்ஜின்டா" என்று மாமாவுக்குப் பெருமை. எனக்கும்தான்.

மே மாதம் செமஸ்டர் லீவில் நான் போனபோது அந்தக் கல் நீலப்புகை கக்கிக்கொண்டிருந்தது. காலையில் ரெண்டு ஆள் மாறி மாறிச் சுற்றினால்தான் பிடிக்கும். ஆயில் டிப்ஸ்டிக்கில் மூணு நாளைக்கு ஒருமுறை கோடு இறங்கியது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடுப்பு ஊதுகிற மாதிரி உஸ் உஸ் என்று புகை. படித்த பிள்ளை வந்திருக்கிறதே! "மாப்ள, நீ பாத்து சொல்லு" என்றார் மாமா. சுற்றி நாலு பேர் வேறு நிற்கிறார்கள். நான் எப்படித் தோற்றம் கொடுத்திருப்பேன் என்று சொல்லவும் வேண்டுமா?

ஹெட்டை இறக்கினோம். கையில் காலேஜ் பையிலிருந்த வெர்னியர். லைனரின் வாயில் உள்பக்கத் தாடையை வைத்து விரித்தேன். 80.00. குறுக்கே வைத்தேன். 80.02. "போர் ஸ்டாண்டர்டா இருக்கு மாமா, தேய்மானமே இல்ல. ரிங்தான் போயிடுச்சு. ரிங் செட் மட்டும் போட்டாப் போதும்" என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். புது ரிங் வந்தது, மாட்டினோம், ஓடியது. புகை குறைந்தது. அன்றைக்கு எனக்கு மீன்குழம்புச் சாப்பாடு!

சரியாக மூன்றாவது வாரம். கட்கட் என்று ஒரு சத்தம், பின்னால் பழைய புகையைவிட அதிகப் புகை. திறந்து பார்த்தால் மேல் ரிங் மூன்று துண்டு. லைனரில் கத்தியால் கீறியதுபோல நெடுங்கோடு. பாத்தியில் தண்ணீர் 22 டிகிரியில் நிற்கிறது, மேலேயிருந்து வரவேண்டிய தண்ணீர் வரவில்லை. மாமா என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

லைனரையும் பிஸ்டனையும் சாக்கில் கட்டிக்கொண்டு திண்டிவனத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்த அண்ணன் பத்தாவதுகூடத் தாண்டாதவர். லைனருக்குள் ஆள்காட்டி விரலை விட்டு, வாயிலிருந்து மெதுவாகக் கீழே இறக்கினார். விரல் ஒரு இடத்தில் டக் என்று பள்ளத்தில் விழுந்தது. "தம்பி, எங்க அளந்த?" என்றார். காட்டினேன். "அது வாயி தம்பி. அங்க ரிங் போறதே இல்ல. தேயாத இடத்த அளந்துட்டு தேயலன்னு சொல்லியிருக்க" என்றார்.

நண்பர்களே, இதை நாம் படித்திருக்கிறோமா இல்லையா? பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதியிருக்கிறோம்! சிலிண்டர் அதிகம் தேய்வது மேல் ரிங் உச்சத்தில் நிற்கும் இடத்தில். ஏனென்றால் அங்கே பிஸ்டன் ஒரு கணம் நிற்கிறது. ஆயில் படலம் தாங்குவதற்கு வேகம் வேண்டும், அந்தக் கணத்தில் வேகம் இல்லை. அதே இடத்தில்தான் எரிவாயுவின் அழுத்தம் ரிங்கின் முதுகில் புகுந்து அதைச் சுவரோடு நெருக்குகிறது. சூடும் அங்கேதான் அதிகம். ஆக மேல் ரிங்கின் உச்சிக்குக் கீழே பள்ளம், அதற்கு மேலே ஒரு விரல் அகலத்துக்குத் தேயாத விளிம்பு. நம் வெர்னியரின் உள்தாடை எட்டுவதே அந்த விளிம்பு வரைக்கும்தான். பழைய ரிங்கின் ஓரம் அந்தப் படியோடு சேர்ந்து தேய்ந்து மழுங்கியிருக்கும், அதனால் இடிக்காது. நான் போட்ட புது ரிங் கூர்மையான முனையோடு நிமிடத்துக்கு 1500 தடவை அந்தப் படியில் போய் முட்டியிருக்கிறது. உடையாமல் என்ன செய்யும்?

அந்த அண்ணன் அதற்குப் பிறகு செய்ததைத்தான் நான் இந்த மலரில் எழுத வந்தேன். அவரிடம் போர் கேஜ் இருந்தது. ஆனால் அதை எடுக்காமல், "உங்க கொட்டாயில இது இருக்காது, இருக்கறத வெச்சு எப்படிப் பாக்கறதுன்னு காட்டறேன்" என்று ஒரு ஃபீலர் கேஜை எடுத்தார். செட்டிலிருந்து ஒரு புது ரிங்கை லைனரின் அடியில், ரிங்குகள் எட்டாத பகுதியில் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக விட்டு நேராகத் தள்ளினார். ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் 0.30 பட்டை போயிற்று. அதே ரிங்கை மேலே கொண்டுவந்து, படிக்குக் கொஞ்சம் கீழே வைத்தார். 1.00 பட்டையையும் 0.35 பட்டையையும் சேர்த்து விட்டார், போயிற்று. 1.35!

"இதுலேர்ந்து அத கழி. மூணே காலே வகுத்துக்கோ" என்றார். அவர் 'மூணே கால்' என்றது பையை. சிலிண்டரின் விட்டம் கூடினால் சுற்றளவு அதைப்போல 3.14 மடங்கு கூடும். ரிங்கின் நீளம் மாறாது, ஆகவே அந்தக் கூடுதல் முழுவதும் இடைவெளியில் வந்து தெரியும். 1.05-ஐ 3.14-ஆல் வகுத்தால் சுமார் 0.33 மி.மீ. விட்டத்தில் தேய்மானம். நான் "தேய்மானமே இல்ல" என்று சொன்ன அதே லைனரில்! பிறகு போர் கேஜை விட்டுப் பார்த்தார். கிட்டத்தட்ட அதேதான் வந்தது.

இதில் எனக்கு ஏற்பட்ட ஆச்சரியத்தை என்னென்று சொல்ல? வட்டத்தின் சுற்றளவு நமக்கு எட்டாம் வகுப்பிலேயே தெரியும். ரிங் கேப் முதல் வருஷத்தில் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க நமக்கு ஒருநாளும் தோன்றவில்லை. மூன்று மடங்காக்கிக் காட்டும் ஒரு பூதக்கண்ணாடி ஒவ்வொரு ரிங் பாக்கெட்டிலும் இலவசமாக வருகிறது. ஒரு குறையும் உண்டு, சொல்லிவிடுகிறேன். ரிங் கேப் காட்டுவது சுற்றளவைத்தான். சிலிண்டர் முட்டை வடிவமாகப் போயிருந்தால் அதைத் தனியாகக் காட்டாது. அதற்கும் வழி இருக்கிறது. ரிங்கை உள்ளே வைத்து, அடியில் டார்ச் அடித்து, நடுவில் அட்டையை வட்டமாக வெட்டி மறைத்துப் பாருங்கள். ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே பிறை மாதிரி வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பக்கம் ஒட்டவில்லை. கனெக்டிங் ராடு சாய்ந்து தள்ளும் பக்கத்தில், அதாவது கிராங்குக்குக் குறுக்கான திசையில், பெரும்பாலும் அது தெரியும்.

இன்னொரு பாடமும் எனக்குக் கிடைத்தது. ஹெட்டை இறக்குவதற்கு முன்னாலேயே நோயைக் கண்டுபிடித்திருக்கலாம். ஃபிளைவீலைக் கையால் கம்ப்ரஷனுக்கு எதிராக அழுத்திப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தால் போதும். ஏர் கிளீனரில் உஸ் என்றால் இன்லெட் வால்வு, சைலன்சரில் உஸ் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் உஸ் என்றால் ரிங் அல்லது சிலிண்டர், தண்ணீரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். வால்வு கசிந்ததற்கு ரிங் மாற்றிய மகான்களும் நம் பக்கத்தில் உண்டு.

புத்தகத்தில் இன்னொன்று சொல்லியிருப்பார்கள்: சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் ஊற்றிச் சுற்று, கம்ப்ரஷன் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பெட்ரோல் வண்டிக்கு நல்ல யோசனை. இந்த டீசலுக்குச் செய்வதற்கு முன் கணக்குப் போடுங்கள். ஸ்ட்ரோக் கொள்ளளவு 553 சி.சி.; கம்ப்ரஷன் விகிதம் 16.5 என்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடம் வெறும் 36 சி.சி. ஒரு தேக்கரண்டி, 5 மி.லி., ஊற்றினாலே விகிதம் 19 ஆகிவிடுகிறது! அதாவது ரிங் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அழுத்தம் ஏறத்தான் செய்யும். ரெண்டு மூணு கரண்டி ஊற்றினால் கனெக்டிங் ராடுக்கே ஆபத்து. எங்கேயோ எந்த என்ஜினுக்கோ எழுதியதை எல்லா என்ஜினுக்கும் ஒப்பிக்கக் கூடாது.

சரி, 0.33 மி.மீ. எப்படித் தேய்ந்தது? "உப்புக் காத்து அரிச்சிடுச்சு" என்பதுதான் உப்பளத்தில் எல்லோரும் சொல்லும் பதில். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் உப்பு, கடினத்தில் நகத்துக்குச் சமம். மோஸ் அளவில் 2.5-க்கு மேல் போகாது. வார்ப்பிரும்பை அது சுரண்டவே முடியாது. மணல் சுரண்டும், அது 7. துருவும் சுரண்டும். உப்பு செய்வது சுரண்டுவதை அல்ல, துருவைப் பெற்றுப் போடுவதை! காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடற்கரையில் இரவில் அந்த ஈரப்பதத்துக்கா பஞ்சம்? பகலில் காய்கிறது, இரவில் கரைகிறது, மறுபடி காய்கிறது. மழைக்காலம் முழுக்க ஓடாமல் நிற்கும் என்ஜினின் சிலிண்டருக்குள், ஏர் கிளீனர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் இந்த நாடகம் நடக்கிறது. சுவரில் பழுப்பாகத் துரு பிடிக்கிறது. பிப்ரவரியில் கைப்பிடி போட்டுச் சுற்றியதும் அந்தத் துரு அப்படியே ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே அரைக்கும் பொடியாகிவிடுகிறது. எங்கள் என்ஜினுக்குப் புயல் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. "ஸ்டார்ட் ஆயிடுச்சு, கல்லு மாதிரி" என்று நாங்கள் கைதட்டிய அந்த நிமிடத்தில்தான் லைனர் போயிருக்கிறது.

அன்றைக்கு என்ன செய்திருக்க வேண்டும்? ஹெட்டை இறக்கி, சிலிண்டரை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, துருவைப் பார்த்து, ஆயில் தடவிய பிறகுதான் ஒரு சுற்றாவது சுற்றியிருக்க வேண்டும். ஒரு நாள் வேலை.

உப்பளத்தில் இன்னொரு பழக்கம், பம்ப் தள்ளும் தண்ணீரிலிருந்தே ஒரு ட்யூப் போட்டு என்ஜினுக்குக் குளிர்ச்சி கொடுப்பது. வயல்காட்டில் அது சரி. இங்கே பம்ப் தள்ளுவது உப்புத் தண்ணீர்! ஜாக்கெட் உள்ளே பொருக்குப் பிடிக்கும், லைனரின் வெளிப்பக்கத்தைக் குழி குழியாகத் தின்னும், அடி ரப்பர் ரிங் உட்காரும் இடம் அரித்துப்போனால் உப்புத் தண்ணீர் நேராக ஆயிலுக்குள் இறங்கும். அதோடு, ஓயாமல் குளிர்ந்த தண்ணீர் ஓடினால் சுவர் சூடேறாமலே இருக்கும். எரிவாயுவின் ஈரம் அங்கே படிந்து அமிலமாகும். 1930-களிலேயே இங்கிலாந்தில் ஆட்டோமொபைல் என்ஜினியர்கள் சங்கத்தின் ஆராய்ச்சியில் கண்டுபிடித்தது இது. உராய்வு மட்டும்தான் தேய்க்கிறது என்று நினைத்திருந்த காலத்தில், குளிர்ந்த சிலிண்டர் துருவேறித்தான் அதிகம் தேய்கிறது என்று காட்டினார்கள். அந்தக் காலத்து எரிபொருளில் கந்தகம் அதிகம். நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான், அந்தத் தொல்லை பெரிதும் தீர்ந்தது. கடற்காற்றின் குளோரைடை எந்த ரிஃபைனரியும் நீக்கித் தராது. ஆகவே ஒரு பழைய டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, என்ஜினைவிடக் கொஞ்சம் உயரத்தில் வைத்து, சூடான தண்ணீர் மேலேறிக் குளிர்ந்தது கீழிறங்கும்படி ரெண்டு ட்யூப் போட்டால் போதும். மாமா இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறார்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தச் சின்ன என்ஜின் ஒரு மணி நேரத்தில் குடிக்கும் காற்று சுமார் இருபதாயிரம் லிட்டர். ஆயில்-பாத் ஏர் கிளீனரின் கிண்ணத்தில் ஆயில் வற்றிச் சேறாகியிருந்தால் அத்தனை காற்றிலும் உள்ள மணல் நேரே உள்ளே போகிறது. நான் ஹெட்டை இறக்கிய அன்று அந்தக் கிண்ணத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். புது ரிங் போட்டதும் அதே மணலை அதற்கும் ஊட்டினேன்.

கடைசியில் புது லைனர், புது பிஸ்டன் செட். பட்டறையில் 80 மி.மீ. போருக்கு 0.2 மி.மீ. தாண்டினாலே லைனரை மாற்று என்பார்கள். அந்தந்த என்ஜினின் புத்தகம் சொல்லும் எல்லைதான் முடிவு. லைனர் தனியாகக் கழலாத என்ஜினாக இருந்தால் போரிங் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, ஹோனிங் செய்யவேண்டும். ஹோனிங் முடிந்த சிலிண்டரை டீசலில் துடைத்துவிட்டு மாட்டுவது பெரிய பாவம்! டீசல் அழுக்கைக் கரைக்கும், கல்லின் பொடியை நுண்துளையிலிருந்து எடுக்காது. சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்துக் கழுவி, உடனே ஆயில் தடவி, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரவேண்டும். பட்டறை அண்ணன் மூன்று தரம் என்னைக் கழுவ வைத்தார். நாலாவது தரம் அவரே துணியை வாங்கி, ஒரு இடத்தில் லேசாகச் சாம்பல் நிறம் இருப்பதைக் காட்டினார். அப்புறம் ஐந்தாவது.

புது செட்டையும் நம்பி மாட்டவில்லை. ஒவ்வொரு ரிங்கையும் புது லைனரில் வைத்து கேப் பார்த்தோம், பிஸ்டன் பள்ளத்தில் ரிங்கின் பக்கவாட்டு இடைவெளி பார்த்தோம். கேப்புகள் ஒன்றின் மேல் ஒன்று வராமல் தள்ளித் தள்ளி வைத்தோம். இதையெல்லாம் ரெகார்டு நோட்டில் நூறு தரம் எழுதியிருக்கிறேன். கையால் செய்தது முதல் தரம்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். நடு சீசனில் லைனர் வாங்கக் காசில்லாதவருக்கு "ரிங் மட்டும் போடு" என்று சொல்லும் மெக்கானிக்கை நான் குறை சொல்லமாட்டேன். 0.33 தேய்ந்த லைனரிலும், படியைச் சுரண்டி எடுத்துவிட்டு ரிங் போட்டால், புகையோடாவது சில வாரம் இழுத்திருக்கலாம். அந்தச் சில வாரத்து உப்பில் லைனர் காசு வந்திருக்கலாம். அளந்து, தெரிந்து, "இது இத்தனை நாளைக்குத்தான் தாங்கும் மாமா" என்று சொல்லி மாட்டுவது ஒரு தொழில். நான் செய்தது அது அல்ல. நான் அளவு என்ற பெயரில் ஒரு எண்ணைச் சொன்னேன், வெர்னியரைப் பார்த்து எல்லோரும் நம்பினார்கள். கருவி இல்லாமல் கைநாடி பார்க்கும் மேஸ்திரியைவிட, கருவியைத் தப்பான இடத்தில் வைக்கும் டிப்ளமாக்காரன் ஆபத்தானவன். ஏனென்றால் அவனை எதிர்த்துப் பேச ஆள் இருக்காது.

உப்பளத்தில் வேலை செய்யும் அம்மாக்களைப் பாருங்கள். டிகிரி பார்க்காமல் ஒரு பாத்தியைத் திறப்பதில்லை. ஹைட்ரோமீட்டரை எந்தப் பாத்தியில், எந்த நேரத்தில் விடவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். மூலையில் தேங்கிய தண்ணீரில் விட்டுப் பார்த்துவிட்டு "25 ஆயிடுச்சு" என்று சொன்னால் சிரிப்பார்கள். நாமோ மூன்று வருஷம் படித்தும் மூலையில்தான் அளக்கிறோம்.

"டீசலே போகப் போகுது, எல்லாம் சோலார், எலக்ட்ரிக். இன்னும் ஏன்டா ரிங், லைனர்னு அழுவுற?" என்று என் அறைத்தோழன் (எலக்ட்ரிக்கல் பிரிவு, வேறு யார்!) கேட்கிறான். போகட்டும், எனக்கும் சந்தோஷமே. குஜராத்தில் சின்ன ரண் பகுதியின் அகரியா உப்புத் தொழிலாளர்கள் டீசல் பம்ப்பை விட்டு சோலார் பம்ப்புக்கு மாறிவருகிறார்கள். சேவா அமைப்பு அதற்கு உதவியிருக்கிறது. அவர்கள் வருமானத்தில் பெரும்பகுதியை டீசலே தின்றுகொண்டிருந்தது. மரக்காணத்திலும் அது வரட்டும். வரும்வரைக்கும் மாமா மாதிரி ஆட்கள் கைப்பிடி போட்டுத்தான் சுற்றியாக வேண்டும்.

நம் லேபில் போர் டயல் கேஜ் இருக்கிறது. வெல்வெட் பெட்டியில், பீரோவுக்குள், புது மாப்பிள்ளை மாதிரி! வருஷத்துக்கு ஒருமுறை தூரத்திலிருந்து தரிசனம். உடைத்துவிடுவோம் என்று பயம், நியாயம்தான். ஆனால் ஃபீலர் கேஜ் உடையாது. வெட்டி வர்ணம் பூசிய மாடல் என்ஜினை விட்டுவிட்டு, தேய்ந்துபோன பழைய லைனர் நாலு வாங்கிப்போட்டு, ஒவ்வொரு மாணவனையும் ரிங் விட்டு அளக்கச் சொன்னால் என்ன? காயலான் கடையில் எடைக்குப் போடுகிறார்கள். எது எவ்வளவு தேய்ந்தது என்று வாத்தியாருக்கும் முன்கூட்டியே தெரியாத லைனர் என்றால் இன்னும் நல்லது. பக்கத்து டேபிளைப் பார்த்து ரீடிங் எழுத முடியாதல்லவா!

யூனியனுக்கும் ஒரு கோரிக்கை. அந்தக் காலத்து உமணர்கள் உப்பு வண்டியில் கிளம்பும்போதே, அச்சு முறிந்தால் மாட்டுவதற்கு வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூறு சொல்கிறது. என்ஜின் நிற்பதற்கு முன்னால் செய்கிற வேலை அது. செப்டம்பர் கடைசியில் சீசன் முடியும்போது நாம் ஒரு குழுவாகப் போகலாம். ஒரு என்ஜினுக்கு ஒரு மணி நேரம் ஆகாது. சூடாக ஓடவிட்டு அழுக்கு ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஊற்றவேண்டும். ஜாக்கெட் தண்ணீரை வடிக்கவேண்டும். சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, டிகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிக் கையால் மெதுவாகச் சுற்றி, ரெண்டு வால்வும் மூடிய நிலையில் நிறுத்தவேண்டும். ஏர் கிளீனர் வாயையும் சைலன்சர் வாயையும் கிரீஸ் துணி திணித்து பிளாஸ்டிக் பை கட்டவேண்டும். ஒரு சீட்டில் தேதி எழுதிக் கட்டிவிட்டு, ஜனவரியில் துணியை எடுக்காமல் சுற்றாதே என்றும் பெரிய எழுத்தில் எழுதவேண்டும். அதை எழுதாமல் விட்டால் யாராவது சுற்றிவிடுவார்கள், எங்கள் ஊரை எனக்குத் தெரியும்.

மாமாவின் என்ஜினுக்குப் போன செப்டம்பரில் நான் மட்டும் போய்ச் செய்தேன். இந்த வருஷம் திறந்து, ரிங்கை விட்டு மேலேயும் கீழேயும் அளந்தேன். 0.30, 0.33. கழித்து வகுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் நாலு பேர் "எங்களுதயும் வந்து பாரேன்டா" என்றிருக்கிறார்கள். தனி ஆளாக என்னால் முடியாது. வர விரும்புகிறவர்கள் இறுதியாண்டு மெக்கானிக்கல் வகுப்பில் என்னிடம் பெயர் கொடுக்கவும். ஃபீலர் கேஜ் நான் கொண்டுவருகிறேன். பழைய பனியன் துணி அவரவர் கொண்டுவரவேண்டும். சாப்பாட்டை மாமா பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.